இரண்டாம் முறை பாவித்த இரகசியம்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை என் தங்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பில் கணினி மென்பொருள் வேலை பார்ப்பவன். நாங்கள் சில ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களின் வாய்மொழிச் சாட்சியங்களைச் சில வருடங்களாகத் திரட்டி வருகிறோம். புத்தளம், நீர்கொழும்பு, பாணந்துறை என்று போய்ப் பதிவு செய்பவர்கள் அன்றன்றே இணையம் வழியாக எங்களது சேர்வருக்கு அனுப்பிவிடுவார்கள். சாட்சி சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல் "என்ட பேர் வெளிய வரக்கூடாது" என்ற நிபந்தனையோடுதான் வாய் திறந்தார்கள். அந்த சேர்வரைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு மகன் என்று கேட்டிருந்தேன்.

இரண்டு மணித்தியாலம் தட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

"மாமா, இது பதினொரு மாசமா ஒரே இரகசிய எண்ணை வெச்சிக்கொண்டுதான் வாறவங்க எல்லாரோடயும் கதைச்சீக்கிது."

"பூட்டு நல்ல பூட்டுத்தானே?"

"பூட்டு நல்லது. திறப்புத்தான் மாறல்ல."

முப்பத்து மூன்று வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். அவன் சொன்னதன் கணிதம் எனக்கு அன்றிரவே விளங்கியது. அதன் கனம் விளங்கியது வேறொரு நாளில், வேறொரு கதையை மீண்டும் வாசித்தபோது. அந்தக் கதை எங்கள் கொழும்பில் நடந்தது. அதைச் சொல்லிவிட்டு சேர்வருக்கு வருகிறேன்.

எங்கள் வாப்பா காலத்தைக் கணக்கிடுவது 'ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முந்தி', 'பிந்தி' என்றுதான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அப்போது அவர் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் கையாள். கடை பூட்டி, சனம் மூட்டை முடிச்சுகளோடு கண்டி வீதியிலும் காலி வீதியிலும் நடந்ததைச் சொல்வார். துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் இல்லாமல் போனது அல்லாஹ்வின் காவல் என்பார். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை அன்று கொழும்பில் இல்லாததற்கு ஒரு பின்னணி உண்டு. எங்கள் பாடப்புத்தகங்களில் அது இல்லை. கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் பறந்து ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு அறிவித்த கனேடியர் பேர்ச்சலைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். அவர் கண்டது ஏப்ரல் 4. மார்ச் மாதக் கடைசியிலேயே, ஏப்ரல் முதலாந் திகதியளவில் இலங்கைமீது விமானந்தாங்கிக் கப்பல்களின் தாக்குதல் வரலாம் என்ற தகவல் அட்மிரல் சமர்வில்லிடம் இருந்தது. அவர் கப்பல்களைத் தெற்கே கொண்டுபோய்க் காத்திருந்தார். எதிரி வரவில்லை. ஏப்ரல் 2 அன்று பெரும் பகுதியை அட்டு அட்டோலுக்கு அனுப்பினார். எதிரி தாமதமாக வந்தான். கோர்ன்வோல், டோர்செட்சயர் இரண்டும் ஞாயிறன்று கடலில் மூழ்கின. ஏப்ரல் 9 அன்று ஹேர்மீஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இழப்பு சிறிதல்ல. ஆனாலும் முழுக் கடற்படையும் துறைமுகத்துக்குள் அகப்படவில்லை.

அந்த முன்தகவலைத் தந்தவர்கள் கொழும்பில் பெம்ப்ரோக் கல்லூரி என்ற பாடசாலைக் கட்டடத்துக்குள் இருந்தார்கள். 'தூர கிழக்கு ஒருங்கிணைந்த பணியகம்' என்பது அவர்களது பெயர். 1939 வரை ஹொங்கொங், பிறகு சிங்கப்பூர், சிங்கப்பூர் விழப்போகிறது என்றவுடன் 1942 ஜனவரியில் கொழும்பு. ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்துகொண்டு அவர்கள் செய்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், கழித்தல்.

ஜப்பானியக் கடற்படையின் பிரதான சங்கேதத்துக்கு அமெரிக்கர்கள் ஜே.என்.25 என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் இரண்டு நூல்கள். முதலாவது அகராதி போன்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று. இரண்டாவது நூலில் பக்கம் பக்கமாக ஒழுங்கற்ற ஐந்து இலக்க எண்கள். அனுப்புகிறவர் சொல்லின் எண்ணோடு இரண்டாம் நூலின் எண்ணைக் கூட்டுவார். சாதாரணக் கூட்டல் அல்ல. பத்துக்கு மேல் போனால் மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகாத கூட்டல்.

ஓர் உதாரணம் நானே போட்டுக் காட்டுகிறேன். சொல்லின் எண் 28431 என்று வையுங்கள். இரண்டாம் நூலில் அன்று விழுந்த எண் 57906. கூட்டினால் 75337. வானொலியில் போவது இதுதான். கேட்கிற எதிரிக்கு இதில் ஒன்றுமே இல்லை; 57906 தெரியாதவருக்கு 75337 எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். உண்மையில் அது தகர்க்க முடியாத மறைப்பு, ஒரு தடவை மட்டும் பாவித்தால். இப்போது இன்னொரு கப்பல் இன்னொரு நாள் அதே பக்கத்தைத் திறந்து, அதே 57906 ஐ எடுத்து, 60912 என்ற வேறொரு சொல்லோடு கூட்டுகிறது. போவது 17818. கொழும்பில் இருப்பவர் இரண்டு செய்தியையும் கீழும் மேலும் எழுதி, கடன் வாங்காமல் கழிக்கிறார்: 68529. மறைக்கப்படாத 28431 இலிருந்து 60912 ஐ அதே விதமாகக் கழித்துப் பாருங்கள். அதுவும் 68529. அதாவது, மறைப்பு எண் கழிபட்டே போய்விட்டது. எதிரியின் கையில் இருப்பது இரண்டு உண்மைச் சொற்களின் வித்தியாசம். 57906 என்னவென்று அவர் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

இதற்குமேல் ஜப்பானியர் இன்னோர் உதவியும் செய்திருந்தார்கள். வானொலியில் பிழை வந்தால் கண்டுகொள்வதற்காக, அகராதி எண்கள் எல்லாம் மூன்றால் வகுபடக் கூடியவையாக அமைத்திருந்தார்கள் (எனது இரண்டு எண்களையும் அப்படித்தான் தெரிந்தேன்). ஆகவே, ஊகித்த மறைப்பு எண் ஒன்றைப் பல செய்திகளிலிருந்து கழித்துப் பார்த்து, விடைகள் எல்லாம் மூன்றால் வகுபட்டால் ஊகம் சரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய சோதனை.

சங்கேத நூல் வகுத்தவர்கள் மடையர்கள் அல்ல. நூல்களை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். 1942 ஏப்ரல் முதலாந் திகதி மாற்றத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் நூல் என்பது காகிதம். பர்மாவிலிருந்து பசுபிக்கின் நடுத்தீவுகள் வரை சிதறிக் கிடந்த ஒவ்வொரு கப்பலுக்கும் முகாமுக்கும் அது கையால் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. மே முதலாந் திகதி என்று தள்ளினார்கள். மீண்டும் தள்ளி, மே மாத முடிவில்தான் மாற்றினார்கள். அந்த இரண்டு மாதத்துக்குள், பழைய பக்கங்கள் மீண்டும் மீண்டும் புரட்டப்பட்ட காலத்தில், அமெரிக்கர்கள் மிட்வே தாக்குதல் திட்டத்தை வாசித்து முடித்துவிட்டார்கள். ஜூன் 4 அன்று நடந்தது தெரிந்த கதை. வென்ற பிறகு நாடுகள் அகல விரிந்ததே ஜப்பானுக்கு வினையானது என்பார்கள். நூல் விநியோகத்துக்கும் அது பொருந்தும்.

இங்கே எங்கள் மூதாதை ஒருவரை நினைக்காமல் போக முடியாது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்கிந்தி, மறைத்தெழுதியதைப் பிரித்தறிவது பற்றி ஒரு ரிஸாலா எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்தில் கிடைத்து, 1987 இல் டமஸ்கஸில் அச்சாயிற்று. எழுத்துகளை எண்ணிப் பார். மொழியில் எது அதிகம் வருமோ அதுவே மறைப்பிலும் அதிகம் வரும் என்பது அவரது வழி. இதைப் 'புள்ளிவிபரவியலின் தொடக்கம்' என்று பெருமையாகச் சொல்வோம். பெருமை சரிதான். ஆனால் அந்த வழி ஏன் பலிக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒவ்வோர் அலிஃபுக்கும் மறைப்பவர் அதே வேடத்தையே திரும்பவும் போடுகிறார். அதனால்தான் எண்ண முடிகிறது. வேடம் ஒவ்வொரு முறையும் மாறினால் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அல்கிந்தி பிடித்தது எழுத்தை அல்ல, திரும்ப வருதலை என்பது என் வாசிப்பு.

ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு பணியகத்தைக் கொழும்பிலிருந்து கிழக்கு ஆபிரிக்காவின் மொம்பாசாவுக்கு, கிலிண்டினிக்கு, மாற்றினார்கள். அங்கும் ஒரு பள்ளிக்கூடந்தான் கிடைத்தது. ஜப்பானிய வணிகக் கப்பல்களின் சங்கேதமான ஜே.என்.40 அங்கே 1942 செப்டம்பரில் அகப்பட்டது. ஒரு செய்தியை அனுப்பியவர் கப்பலின் இருப்பிடத்தை எழுத மறந்துவிட்டார். விட்டதைச் சேர்த்து, திறப்பை மாற்றாமல், அதே செய்தியை மீண்டும் அனுப்பினார். மெக்கின்ஸ், டவுன்எண்ட் என்ற இரண்டு பேர் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நவம்பருக்குள் அந்தச் சங்கேதம் முழுதும் வாசிக்கப்பட்டது. 1943 இல் பணியகம் இங்கே திரும்பி, ஆண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில் கொட்டில்கள் போட்டு அமர்ந்தது. நாரஹேன்பிட்டியில் ஆண்டர்சன் என்ற பெயர் இன்றைக்கும் வழங்குகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தொடர்மாடி வீடுகளின் பெயர் மட்டுமே.

இதே பிழை ஐரோப்பாவிலும். 1941 ஓகஸ்ட் 30 அன்று ஏதென்ஸிலிருந்து வியன்னாவுக்கு ஏறக்குறைய நாலாயிரம் எழுத்துகள் கொண்ட ஜேர்மன் செய்தி ஒன்று போனது. சரியாகக் கேட்கவில்லை, திரும்ப அனுப்பு என்றார்கள். அனுப்பியவர் இயந்திரத்தைப் பழைய அமைப்பிலேயே வைத்து, அலுப்பில் சில சொற்களைச் சுருக்கி, மீண்டும் தட்டினார். முழுக்க ஒன்றாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது. சுருக்கியதுதான் காட்டிக்கொடுத்தது. அதைப் பிரித்தவர் ஜோன் டில்ட்மன். 1939 இல் ஜே.என்.25 இன் அமைப்பை முதலில் கண்டவரும் அவரேதான். சோவியத் ஒன்றியத்தின் கதை இன்னும் நீளம். 1942 தொடக்கத்தில், யுத்த நெருக்கடியில் என்று கருதப்படுகிறது, 'ஒரு தடவை மட்டும்' பாவிக்க வேண்டிய ஏடுகளில் சுமார் 35,000 பக்கங்களை இரண்டு பிரதியாக அடித்துவிட்டார்கள். வர்த்தகக் காரியாலயத்துக்குப் போன பக்கமே உளவுப் பிரிவுக்கும் போனது. வெனோனா என்ற பெயரில் அமெரிக்கர்கள் அவற்றை 1980 வரை கழித்துக்கொண்டிருந்தார்கள். அனுப்பியவர் மறந்து, சிலர் இறந்தும் போன பிறகு அவர்களது செய்திகள் வாசிக்கப்பட்டன. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சேர்வருக்கு அதுதான் பொருந்துகிறது.

1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட வழி, நூல் விநியோகம் என்ற தொல்லையையே இல்லாமல் செய்தது. முன்பின் சந்திக்காத இரண்டு பேர், எல்லோரும் கேட்கக் கதைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குத் தெரியாத ஓர் எண்ணை இருவருக்கும் பொதுவாக்கிக்கொள்ளலாம். நம்ப முடியாதது போலிருக்கும். சிறிய எண்ணில் செய்து பார்த்தால் நம்பலாம். 23, 5 என்ற இரண்டும் ஊருக்குத் தெரிந்த எண்கள். நான் மனதில் 6 ஐ நினைக்கிறேன். ஐந்தை ஆறு முறை பெருக்கி 23 ஆல் வகுத்தால் மீதி 8. அதை உங்களுக்கு உரத்துச் சொல்கிறேன். நீங்கள் 15 ஐ நினைத்து, அவ்விதமே செய்து 19 என்கிறீர்கள். நான் உங்கள் 19 ஐ ஆறு முறை பெருக்கி வகுக்கிறேன்: மீதி 2. நீங்கள் என் 8 ஐப் பதினைந்து முறை பெருக்கி வகுக்கிறீர்கள்: மீதி 2. அந்த இரண்டு என்பது எங்கள் இருவருக்கும் மட்டும். உண்மையில் பாவிப்பவை நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்கள். 8 ஐ வைத்து 6 ஐக் கண்டுபிடிக்க உலகத்திலுள்ள கணினிகள் சேர்ந்தாலும் காலம் போதாது.

கப்பலுக்குக் காகிதம் அனுப்பும் காலம் முடிந்தது. ஆனால் பெருக்கல் நேரம் எடுக்கும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் சேர்வர், ஒவ்வொருவருக்கும் புதிய 6 ஒன்றை நினைத்து, புதிய 8 ஒன்றைக் கணக்கிடுவானேன்? முதல்நாள் நினைத்ததையே வைத்துக்கொண்டால் என்ன? கணிதம் தடுக்கவில்லை. ஆகவே பலர் வைத்துக்கொண்டார்கள்.

அதில் இரண்டு ஆபத்து. ஒன்று, கேட்கிறவர் ஒழுங்கான ஆள் இல்லாவிட்டால். நீங்கள் 19 சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே 22 சொல்கிறீர்கள் என்று வைப்போம். 22 ஐ எத்தனை முறை பெருக்கி 23 ஆல் வகுத்தாலும் மீதி 1 அல்லது 22 தான். இரட்டை முறை என்றால் 1, ஒற்றை முறை என்றால் 22. என் பதிலைப் பார்த்து, நான் நினைத்தது இரட்டை எண் என்று பிடித்துவிடுவீர்கள். சின்ன விஷயம். ஆனால் பொது எண் சரியாகத் தெரியப்படாவிட்டால், இதே தந்திரத்தால் என் இரகசியத்தை மூன்றால் வகுத்த மீதி, ஐந்தால் வகுத்த மீதி, ஏழால் வகுத்த மீதி என்று ஒவ்வொரு வருகையிலும் ஒன்றாகப் பிடுங்கலாம். மீதிகளிலிருந்து எண்ணைக் கட்டியெழுப்புவது பழைய வித்தை. இரண்டு முதல் ஆறு வரை எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சி, ஏழால் மீதியின்றி வகுபடும் எண் எது என்ற கணக்கை இப்னுல் ஹைதம் ஆயிரம் வருடத்துக்கு முன் ஆராய்ந்திருக்கிறார். (விடை 301. வகுப்பில் இதைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு பாடநேரம் போகும்.) ஆனால் கவனியுங்கள்: நான் ஒவ்வொரு முறையும் புதிய இரகசியம் நினைத்தால், நீங்கள் சேர்த்த மீதிகள் எல்லாம் வெவ்வேறு எண்ணின் மீதிகள். சேராது. திருடனுக்கு வேலை கொடுப்பது நான் மாற்றாமல் விட்டது மட்டுமே.

இதை லிம், லீ என்ற இரண்டு கொரிய ஆய்வாளர்கள் 1997 இலேயே எழுதிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் கழித்து, 2016 ஜனவரியில், உலகின் சேர்வர்களில் பெரும் பங்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் 1.0.2 பதிப்பில் இதே ஓட்டை இருப்பதை அந்தோனியோ சான்சோ காட்டினார். சில வகைப் பொது எண்களோடு அது பாவிக்கப்படும்போது, சேர்வர் அணைத்துப் போடப்படும் வரை ஒரே இரகசிய எண்ணை வைத்துக்கொண்டிருந்தால், அதை மேற்சொன்ன விதமாகப் பிடுங்கலாம். 'ஒரு தடவை மட்டும் பாவி' என்ற தெரிவு மென்பொருளில் முன்பே இருந்தது. விரும்பியவர் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். திருத்திய பதிப்பில் அதை எப்போதும் இயங்குவதாக்கி, நிறுத்தவே முடியாதபடி செய்தார்கள். கடமையை விருப்பமாக வைத்தால் என்ன நடக்கும் என்பது ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2020 இல் ரக்கூன் என்ற பெயரில் இன்னொரு தாக்குதல் வெளியாயிற்று. வழி வேறு, பதில் வரும் நேரத்தின் நுண்ணிய வித்தியாசத்தை அளப்பது. ஆனால் அதற்கும் அடிப்படை அதே: சேர்வர் தன் எண்ணை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்துக்கு இவ்வளவு புத்தியும் தேவையில்லை. கம்பி வழியே போவதை ஒருவர் விளங்காமலேயே பதிவு செய்து சேமித்து வைக்கிறார். மாதங்கள் கழித்து அந்த சேர்வர் அவர் கைக்குப் போகிறது. திருடியோ, கட்டளை காட்டியோ. ஒவ்வொரு பேச்சுக்கும் வேறு எண் பாவித்து அழித்திருந்தால் அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. ஒரே எண் என்றால், அந்த ஒன்றை எடுத்ததும் சேமித்த அத்தனையும் திறக்கிறது.

எங்கள் சேர்வரை அமைத்துத் தந்தவர் பழைய மென்பொருளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கடைசியாக அதை அணைத்து ஏற்றியது பதினொரு மாதத்துக்கு முன், மின்சாரம் போன ஒரு நாளில். நாங்களோ, அது அணையாமல் ஓடுவதைப் பெருமையாகக் கூட்டத்தில் அறிக்கையிட்டிருந்தோம்.

"யாராவது எடுத்தீக்கிறாங்களா?" என்று மருமகனிடம் கேட்டேன்.

"அதுக்கு அடையாளம் ஒண்டும் இல்ல மாமா. ஆனா வெளியில நின்று பதிவு செஞ்சா அடையாளம் ஈக்காது."

அன்றிரவே மென்பொருளைப் புதுப்பித்தான். இப்போது வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய எண், பேச்சு முடிந்ததும் அழிகிறது. அந்தப் பதினொரு மாதத்தில் போனவை போனவைதான். அதில் நாற்பத்தொரு சாட்சியம் இருந்தது.

சாட்சி சொன்னவர்களுக்கு அறிவிக்க வேண்டுமா என்று எங்களுக்குள் சண்டை பிடித்தோம். நடந்ததா என்றே தெரியாத ஒன்றைச் சொல்லி வயோதிபர்களைப் பயமுறுத்துவதா என்றார்கள் சிலர். ஜப்பானியர்களும் ஜே.என்.25 வாசிக்கப்படுவதாகத் தெரியவில்லை என்றுதான் இருந்தார்கள் என்றேன். கடைசியில் ஆளுக்கு ஒரு ஊர் பிரித்துக்கொண்டோம். எனக்குப் புத்தளம்.

நான் முதலில் போனது ஒரு ராத்தாவின் வீட்டுக்கு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளிக்கிட்டவர். இப்போது எழுபத்தெட்டு வயது. 23 உம் 5 உம் சொல்லவில்லை. "நீங்க தந்த கதைய நாங்க பூட்டித்தான் அனுப்பினம் ராத்தா. ஆனா எல்லாரிட கதைக்கும் ஒரே திறப்பப் பாவிச்சிட்டம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப ஆராவது திறந்திருப்பினமோ தம்பி?"

"தெரியாது ராத்தா."

"என்ட பேர் போனாப் போகட்டும். எனக்கென்ன, இனி எத்தின நாள். அந்த இரவு எங்கள வாகனத்தில ஏத்தி விட்ட தமிழ்ப் பிள்ளையிட பேரும் அதில சொன்னனான் எல்லோ. அவன் இன்னும் அங்கதான் இருக்கிறான்."

உள்ளே போய் ஒரு பழைய கொப்பியை எடுத்து வந்தார். அதில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. இவ்வளவு காலமும் பெருநாளுக்குப் பெருநாள் அவர்கள் கதைத்து வந்திருக்கிறார்கள். என் கைத்தொலைபேசியை வாங்கி, இலக்கத்தை அழுத்தித் தரும்படி கேட்டார். நான் முற்றத்துக்கு வந்து நின்றேன்.